கடலுக்கு முன் குளம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே பேசுவதற்கு அழகான பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வாய்க்கால். சபையிலே சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. வீதியோரத்து வெள்ளவாய்க்காலைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று அவர்கள் எண்ணக்கூடும். நம்முடைய கிணறுகளின் ஆயுள் அந்த வாய்க்காலிலே தங்கியிருக்கின்றது என்பதை எடுத்துக் கூறுவதே நமது நோக்கம். பொறுமையோடு கேட்டருளும்படி வேண்டுகின்றோம்.

முதலில் நாம் எல்லோரும் கண்ட இரண்டு காட்சிகளை நினைவுபடுத்திக்கொள்வோம்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், பெங்கால் எனப் பெயரிடப்பட்ட புயலை ஒட்டிப் பெய்த பெருமழையில், யாழ்ப்பாணப் பட்டினத்தின் தாழ்ந்த குறிச்சிகள் பலவும் வெள்ளத்துள் அமிழ்ந்தன. கோயிலுக்குக் கீழ்ப்புறத்திலுள்ள நமது ஒழுங்கையிலே முழங்காலளவு தண்ணீர் நின்றது. சங்கத்து இளைஞர்கள் இரவு முழுவதும் விழித்திருந்து, முதியோரைக் கதிரையோடு தூக்கிச் சென்று பாடசாலையிலே சேர்த்தார்கள். அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தலையிற் சுமந்து சென்றார்கள். அந்தத் தொண்டினை ஊரே பாராட்டியது.

அடுத்த காட்சி அதற்குப் பின் வந்த ஆடி மாதத்தில் நிகழ்ந்தது. அதே ஒழுங்கை, அதே வீடுகள். அங்கே தாய்மார்கள் வாளிகளையும் கலன்களையும் வரிசையாக வைத்துத் தண்ணீர்ப் பவுசருக்காகக் காத்து நின்றார்கள். கிணற்றிலே தண்ணீர் இல்லை என்று சொல்வதற்கில்லை. தண்ணீர் இருந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாதபடி சவர்த்தன்மை ஏறியிருந்தது.

எட்டு மாதங்களுக்கு முன் எந்த முற்றத்திலிருந்து தண்ணீரை வாளியால் அள்ளி வீதியிலே கொட்டினோமோ, அதே முற்றத்திலே இப்போது ஒரு வாளி நன்னீருக்குக் காத்து நிற்கின்றோம். இது விதியின் விளையாட்டா? இல்லை. இவ்விரண்டு துன்பங்களுக்கும் வேர் ஒன்றே. வானம் தந்த வருமானத்தை வந்த அன்றே வெளியே தள்ளிவிட்டு, பின்னர் கடன் கேட்டு நிற்கின்றோம்.

நமது குடாநாட்டின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகாவலியைப் போன்ற ஆறு ஒன்றும் நமக்கு இல்லை. ஆறு என்று பெயர் சொல்லக்கூடிய வழுக்கையாறும் மாரியிலே ஓடி, அராலிப் பக்கத்தில் கடல்நீரேரியைச் சேர்ந்து, கோடையிலே வறண்டுவிடுவது. மலையும் இல்லை, மலையிலிருந்து வரும் ஊற்றும் இல்லை. நமக்கு இருப்பது சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லிலே துளைகளும் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்திருக்கின்றன. மாரியிலே பெய்யும் மழை மண் வழியே இறங்கி அத்துளைகளிலே தங்குகின்றது. அதையே நாம் கிணறு வெட்டி எடுக்கின்றோம். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாகிய மூன்று மாதங்களிலே பெய்து முடிந்துவிடுகின்றது. அந்த மூன்று மாத வரவைக் கொண்டே மிகுதி ஒன்பது மாதச் செலவையும் நடத்தவேண்டும்.

இந்த நன்னீர் நிலத்தின் கீழே எவ்வாறு இருக்கின்றது? குடாநாட்டைச் சுற்றிக் கடலும் கடல்நீரேரியும் இருப்பதால், கல்லின் ஆழத்திலே உவர்நீர் நிறைந்திருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது. ஆதலின் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கின்றது. நடுவிலே தடிப்பு, கரையோரங்களிலே மெலிவு. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்கள், மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக அது இருப்பதைக் கேட்டறிந்திருப்பார்கள். அது ஏதோ ஓர் அதிசயம் மாத்திரமன்று; நமது கிணறுகள் எல்லாவற்றினதும் கதையும் அதுவே.

கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் 19 ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடுகின்றது. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கிலே கீழிருந்து 40 அடி உவர்நீர் ஏறிவர இடமுண்டு. மாரியிலே நிலத்துள் இறங்காமல் ஓடிப்போகும் ஒவ்வோர் அங்குல நீரும் இந்தக் கணக்கிலே சேர்கின்றது. கிணற்றிலே சவர் ஏறிற்று என்று நாம் கடலைக் குறை கூறுகின்றோம். கடல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. நாம்தான் அதைத் தடுத்து நின்ற நன்னீரை மெலியச் செய்துவிட்டோம்.

இனி மழை ஓடும் வழியைப் பார்ப்போம். நமது பாட்டனார் காலத்து வளவு எப்படி இருந்தது? மணல் முற்றம். கிளுவைக் கதியாலும் பனையோலையும் கொண்டு அடைத்த வேலி. வாழைப்பாத்தி, தென்னம்பாத்தி. பெய்த மழையின் பெரும்பங்கு அந்த வளவிலேயே சுவறிவிடும். மிஞ்சியது வேலியின் கீழாக ஊர்ந்து ஒழுங்கைக்கு வரும். ஒழுங்கையிலிருந்து வாய்க்கால் வழியே குளத்துக்குச் செல்லும். குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிறைந்தால் தரவையிலே பரந்து நிற்கும். ஈற்றிலேதான் கடல்நீரேரியைக் காணும். இந்த நீண்ட பயணத்தின் ஒவ்வொரு தங்குமடத்திலும் ஒரு பங்கு நிலத்துள் இறங்கியது. குடாநாடு முழுவதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருந்தமைக்குக் காரணம் இதுவே. அவற்றுள் பல வயலுக்கு நீர் பாய்ச்சும் மதகு உடையவை அல்ல. அவை நீரைத் தாங்கி நிறுத்தி நிலத்துக்குக் குடிக்கக் கொடுத்தவை. குளத்தருகே ஆவுரஞ்சிக்கல் நாட்டியவர்களும், கோயிலருகே கேணி வெட்டியவர்களும், தோட்டத்திலே துரவு தோண்டியவர்களும் பொறியியல் நூல் படித்தவர்களல்லர். நிலத்தைப் படித்தவர்கள்.

இன்றோ வேலி போய் மதில் வந்தது. மணல் முற்றம் போய்ச் சீமெந்தும் பதிகல்லும் வந்தன. நான்கு பரப்புக் காணி இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, அதிலும் கூரை போக மிஞ்சிய இடத்தை வழுவழுப்பாக்கிவிட்டோம். மழை விழுந்த ஐந்து நிமிடத்தில் வீதியிலே நிற்கின்றது. வீதி வாய்க்காலும் சீமெந்துப் பெட்டியாகிவிட்டது. அதன் வேலை ஒன்றே: எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கடலுக்கு அனுப்புவது. வழியிலிருந்த குளத்துக்கு அதில் வாசல் இல்லை. பட்டினத்திலே பிரப்பங்குளம் வீதி என்றும் நாயன்மார்கட்டுக் குளம் என்றும் புல்லுக்குளம் என்றும் ஆரியகுளம் என்றும் பெயர்களைச் சொல்கின்றோம். பெயரிலே நீர் நிறைந்திருக்கின்றது. அந்தக் குளங்களுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் எவையெவை என்று கேட்டால், நம்மிற் பலருக்கு விடை தெரியாது.

இவ்விடத்திலே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டியவர்களாயிருக்கின்றோம். பிறரைக் குற்றம் சாட்டுவதற்காக நாம் இந்த மேடையில் ஏறவில்லை. நமது விளையாட்டுத் திடலைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயிற்குளத்துக்குக் கீழே இருந்த தரவையை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். மாரியிலே கொக்கும் நாரையும் இறங்கும். கோடையிலே மாடு மேயும். குளம் நிறைந்து வழியும் நீர் அங்கேதான் பரவி நின்று ஆறியது. 2011 ஆம் ஆண்டில், யுத்தத்திலே இடிந்த வீடுகளின் கல்லும் சீமெந்தும் எங்கும் குவிந்து கிடந்த வேளையில், அவற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து அந்தத் தரவையை நிரப்பினோம். பிள்ளைகளுக்கு விளையாட ஓரிடம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். இத்தனை ஆண்டுத் துன்பத்தின் பின் நமது பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் காணும் ஆசை யாருக்குத்தான் இல்லை? கல் சுமந்தவர்கள் இச்சபையிலே முன்வரிசையில் இருக்கின்றார்கள். அவர்களுடைய வியர்வையை நாம் இகழவில்லை. ஆயினும் தரவையிலே பரவவேண்டிய நீர் அதன்பின் எங்கே போகும்? கீழ்ப்புறத்து ஒழுங்கைக்குத்தான் போகும். 2024 இல் எந்த வீடுகளிலிருந்து முதியோரைக் கதிரையோடு தூக்கினோமோ, அந்த வீடுகளுக்குள் வெள்ளத்தை அனுப்பியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பாராட்டை ஏற்றுக்கொண்ட நாம் பழியையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

வெள்ளம் வற்றிய பின்னர் நமது சங்கத்தின் செயற்குழு கூடி, கீழ்ப்புறத்து ஒழுங்கையிலிருந்து கடல்நீரேரிவரை நேராக ஒரு சீமெந்து வாய்க்கால் வெட்டித் தரவேண்டும் என்று விண்ணப்பம் எழுதியது. கையொப்பம் வாங்குவதற்காக ஒரு முதியவரிடம் சென்றோம். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு, "தம்பிமார், வெள்ளத்துக்கு வழி கேட்டிருக்கிறியள், சரி. என்ரை கிணத்துக்கு வழி எங்கை?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு திரும்பினோம். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நாம் தேடிய விடையே.

மழைநீரைக் கடலுக்கு அனுப்பலாகாது என்று நாம் சொல்லவரவில்லை. 2008 ஆம் ஆண்டு நிஷா புயலிலும், 2020 டிசம்பரிலே புரெவிப் புயலிலும், 2024 இலும் பெய்ததுபோன்ற மழையை எந்தக் குளமும் முழுதாகத் தாங்காது. வழிந்தோட வழி வேண்டும். நாம் சொல்வது ஒழுங்கைப் பற்றியது. முதலில் வளவு, பின்னர் குளம், அதன்பின் தரவை, கடைசியிலே கடல். இவ்வொழுங்கிலே நீர் சென்றால் வெள்ளத்தின் வேகமும் குறையும்; கிணற்றின் நன்னீரும் பெருகும். ஒரு வாய்க்கால் இரண்டு வேலை செய்யும்.

கணக்கிலே நம்பிக்கை உள்ள இளைஞர்களுக்கு ஒரு கணக்கும் சொல்வோம். யாழ்ப்பாண மாநகரசபையின் எல்லை ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 2,500 கோடி லீற்றர் நீராகும். 2024 ஆகஸ்டிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருவதற்கென அமைக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் இடைவிடாது இயங்கினாலும் அது தருவது ஏறக்குறைய 876 கோடி லீற்றர். அந்நிலையம் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. குடிநீர் கிடைக்காத மக்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் அதன் ஓராண்டு நீரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீர் பட்டினத்தின்மேல் வானத்திலிருந்து விலையின்றி விழுகின்றது. அதில் ஒரு பங்கு ஆவியாகும்; ஒரு பங்கு ஓடும். நாலில் ஒரு பங்கை நிலத்துள் இறக்க முடிந்தாலே 625 கோடி லீற்றர். கடல்நீரைக் காய்ச்சியோ வடித்தோ எடுப்பதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். மழைநீரை நிலத்துள் இறக்குவதற்கு மண்வெட்டியும் மனமும் போதும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஆர்வ மிகுதியால் சிலர், வீதி வாய்க்காலை நேரே பழைய கிணறுகளுக்குள் திருப்பிவிடலாமே, நிலத்தடி நீர் பெருகுமே என்று சொல்கின்றார்கள். அவ்வாறு செய்வது தாய்ப்பாலிலே நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். மணல் நிலத்திலே நீர் மெல்ல மெல்ல வடிந்து இறங்கும்; அழுக்கிலே ஒரு பங்கை மணல் பிடித்துக்கொள்ளும். நமது சுண்ணாம்புக்கல் அப்படியன்று. மேலேயுள்ள மண் பல இடங்களிலே தடிப்பற்றது. அதன் கீழே கல்லிலே பெருந்துளைகள். ஓரிடத்திலே இறங்கிய அழுக்கு வடிபடாமலே வேறோரிடத்துக் கிணற்றிலே எழும்பும்.

இது வெறும் அச்சம் அன்று. சுன்னாகம் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த செய்தி நாம் எல்லோரும் அறிந்ததே. நாட்டின் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலிலே அவ்வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பணம் கொடுக்கலாம், கல்லின் உள்ளே சென்ற எண்ணெயைத் திரும்ப எடுப்பது எளிதன்று. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. குடிநீரிலே நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்தை எண்ணியே இவ்வெல்லை வகுக்கப்பட்டது. நமது குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் கண்டு எழுதிவருகின்றார்கள். தோட்டத்துக்கு அளவின்றி இடும் உரமும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசியும் நீருமே இதற்கு முக்கிய காரணங்கள்.

ஆகையால் நீரை மூன்று சாதியாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். மனிதரிலே சாதி வேண்டாம்; நீரிலே வேண்டும்.

முதலாவது கூரை நீர். இது பெரும்பாலும் சுத்தமானது. 1,000 சதுர அடிக் கூரையிலே ஓராண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் லீற்றர் மழை விழுகின்றது. பீலி கட்டி, முதல் மழையின் தூசி நீரை வெளியே விட்டு, பின்னர் வரும் நீரைச் சல்லியும் மணலும் இட்ட வடிகட்டியினூடாகத் தொட்டியிலே சேர்க்கலாம். தொட்டி நிறைந்தபின் மிஞ்சுவதை வளவிலே வெட்டிய குழியிலே விட்டு நிலத்துள் இறக்கலாம். அக்குழி மலசலகூடத்துக்கு அருகில் இருக்கலாகாது. இதற்கு அரசாங்கத்தின் ஊக்கமும் உண்டு. 2005 இல் தேசிய மழைநீர் சேகரிப்புக் கொள்கை வகுக்கப்பட்டது; 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் இதற்காகத் திருத்தப்பட்டது. சட்டம் தாளிலே இருக்கின்றது. பீலி கூரையிலே ஏறவேண்டும்.

இரண்டாவது வீதி நீர். இதிலே மண்ணும், எண்ணெயும், வாகனச் சக்கரத்தின் துகளும், பொலித்தீனும், மிருகங்களின் எச்சமும் கலந்திருக்கும். இதை நேரே நிலத்துள் விடலாகாது. குளத்துக்கும் நேரே விடலாகாது. குளத்தின் வாயிலிலே ஒரு வண்டற்குழி வேண்டும். அதிலே நீரின் வேகம் தணிந்து மண் அடியிலே படியும். குப்பையைக் கம்பித்தட்டி தடுக்கும். அதன்பின் அகன்ற, ஆழமில்லாத, புல் படர்ந்த வாய்க்கால் வழியே, கோரையும் நாணலும் வளர்ந்த குளக்கரைக்கு நீர் செல்லவேண்டும். அத்தாவரங்களின் வேரிலே வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று கரைக்கின்றன. நைத்திரேற்றின் ஒரு பங்கையும் நீக்குகின்றன. குளக்கரையை நாற்புறமும் சீமெந்தாற் கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு ஏற்றிவிட்டால் அழகு வரும். நீரைச் சுத்தம் செய்யும் அந்தப் பச்சைக்கரை போய்விடும். 2021 இல் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டபோது, ஒரு குளம் பட்டினத்து மக்களை எவ்வளவு ஈர்க்கின்றது என்பதைக் கண்டோம். அந்த அன்பு ஏனைய குளங்களுக்கும் பரவவேண்டும். கரைக்கு அழகு செய்யும்போது வரத்து வாய்க்காலையும் மறவாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது கழிவுநீர். மலசலகூட நீரும், வாகனம் கழுவும் இடத்து எண்ணெய் நீரும், உணவுச்சாலைக் கொழுப்பு நீரும் இதில் அடங்கும். இவை வெள்ளவாய்க்காலிலே சேரவே கூடாது. இரவிலே யாரும் காணாமல் வாய்க்காலுக்குக் குழாய் பூட்டுகின்றவர், தம் அயலவரின் கிணற்றிலே கை வைக்கின்றவர். கடல்நீரேரிக்குத்தானே போகின்றது என்று அவர் சமாதானம் கூறலாம். அந்த நீரேரியிலேதான் நமது சகோதரர்கள் களங்கட்டியும் வலைவீசியும் இறாலும் மீனும் பிடிக்கின்றார்கள். அவர்களுடைய சோற்றிலும் மண் போடுகின்றோம்.

குளத்தைத் தூர்வாருவதிலும் நிதானம் வேண்டும். படிந்த வண்டலையும் குப்பையையும் நீக்குவது நன்று. எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று இயந்திரம் கொண்டு கல்லையும் உடைத்துத் தோண்டினால், கரையோரங்களிலே கீழிருக்கும் உவர்நீருக்கு நாமே கதவு திறந்து கொடுத்தவர்களாவோம். ஓர் ஏக்கர் பரப்புள்ள குளம் ஐந்தடி ஆழம் நிறைந்தாலே 60 லட்சம் லீற்றர் நீர் நிற்கும். மாரியிலே அது வற்ற வற்றப் பலமுறை நிறைந்தால், அதன் பயன் பன்மடங்காகும். ஆழத்தைவிட வரத்தே முக்கியம்.

குளம் இருந்தால் நுளம்பு பெருகுமே, டெங்கு வருமே என்று தாய்மார்கள் அஞ்சுவதும் நியாயமே. டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது சிரட்டையிலும், பழைய ரயரிலும், பூச்சாடியிலும், மூடாத தொட்டியிலும், அடைபட்ட பீலியிலுமே. மீன் வாழும் குளத்திலே நுளம்புக் குடம்பியை மீன் தின்றுவிடும். பொலித்தீன் அடைத்து நாறி நிற்கும் வாய்க்காலும் பிளாஸ்ரிக் கோப்பைகள் மிதக்கும் செத்த குளமுமே அஞ்சத்தக்கவை. ஆகவே குளத்தைத் தூர்ப்பது மருந்தன்று. குளத்தை உயிரோடு வைத்திருப்பதே மருந்து.

தரவையையும் சதுப்பையும் வீண் நிலம் என்று எண்ணியதால் வந்த கேட்டினை அறிய நமது நாட்டுத் தலைநகரையே பார்க்கலாம். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் ஆண்டாண்டாக நிரப்பப்பட்டு வந்தன. 2010 நவம்பரிலே ஒரே இரவிற் பெய்த பெருமழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன்பின் எஞ்சிய சதுப்பு நிலங்களை வெள்ளம் தாங்கும் இடங்களாகக் காக்கவேண்டும் என்ற அறிவு வலுப்பெற்றது. 2018 அக்டோபரிலே, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதல் ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பட்டத்தைப் பெற்றதனால் எல்லாம் சீராகிவிட்டது என்பதில்லை. இன்றும் நிரப்புவோர் இருக்கின்றார்கள். என்றாலும் பெருநகரம் தாமதித்துக் கற்ற பாடத்தை நமது சிறிய பட்டினம் காலத்தோடு கற்றுக்கொள்ளலாம் அன்றோ?

இனி நாம் செய்யவேண்டியது யாது? பேச்சோடு நின்றுவிடலாகாது. சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: அடுத்த மாரி தொடங்குமுன், நமது குறிச்சியின் குளம், கேணி, துரவு, பொதுக்கிணறு, வாய்க்கால் அனைத்தையும் நடந்து பார்த்து ஒரு படம் வரைதல் வேண்டும். இளைஞர்கள் அளவு எடுக்கட்டும். முதியோர் வழி காட்டட்டும். எந்த வாய்க்கால் எந்த மதிலின் கீழே புதைந்து கிடக்கின்றது என்பது அவர்களுக்கே தெரியும். அந்த அறிவு அவர்களோடு மறைந்துவிடலாகாது. அப்படத்தைக் கையிலே கொண்டு மாநகரசபையிடமும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் செல்வோம். வெறுங்கையோடு செல்பவனுக்கும் படத்தோடு செல்பவனுக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டு: சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலே பீலியும் வடிகட்டியும் அமைத்தல் வேண்டும், முற்றத்திலே பாதியையேனும் மண்ணாக விடல் வேண்டும். பிறருக்குச் சொல்லுமுன் நமது முற்றம் சாட்சி சொல்லட்டும். கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும் சோதிப்பித்து, ஒரு கொப்பியிலே எழுதி வைப்போம்.

மூன்றாவது வேண்டுகோளைச் சொல்லும்போது நமது குரல் சற்றுத் தாழ்கின்றது. நமது விளையாட்டுத் திடலின் தெற்குப் பக்கத்தில் நாலில் ஒரு பங்கைத் திரும்பத் தோண்டித் தரவைக்கு விடுவோம். குளத்தின் வழிவாய்க்காலை மீண்டும் அங்கே திறந்து விடுவோம். மிஞ்சிய இடத்திலே பந்தாட்டம் தடையின்றி நடக்கும். அளவிலே திடல் சிறுக்கும். மதிப்பிலே சங்கம் சிறுக்காது. அன்று கல் சுமந்த பெரியோர்களே, அந்தக் கல்லை எடுக்கும் நாளிலும் நீங்களே முதல் மண்வெட்டி எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று பணிந்து கேட்கின்றோம். தாம் செய்ததைத் தாமே திருத்துகின்ற பெரியோரைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

அந்த முதியவரிடம் நாம் இன்னும் திரும்பிச் செல்லவில்லை. அவருடைய கையொப்பம் இல்லாமலே அந்த விண்ணப்பம் சங்கத்தின் அலுமாரியிலே கிடக்கின்றது. அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுவோம். கடலுக்கு வாய்க்கால் கேட்குமுன் குளத்துக்கு வாய்க்கால் கேட்போம். அதை எடுத்துக்கொண்டு அவர் வாசலிலே போய் நிற்போம். இம்முறை அவர் கேள்வி கேட்டால், ஐயா, உங்கள் கிணற்றுக்கு வழி இதோ இருக்கின்றது என்று சுட்டிக்காட்ட நம்மால் இயலவேண்டும்.

வெள்ளம் வருமுன் அணைகோலவேண்டும் என்பது பழமொழி. நமக்கோ வெள்ளம் வருமுன் குளம் திறக்கவேண்டும்.